முன்வரிசைக்கு ஒரு துணை இரங்குநர்

நோரீன் ஸ்கெல்டன் செத்த மூன்றாம் நாள் அவள் ஒரு நேரடி நிகழ்ச்சி ஆனாள். நகரசபை அப்படித்தான் கடிதம் போட்டது. "தங்கள் நேரடி நிகழ்ச்சி பதிவு செய்யப்பட்டது. வாழ்த்துகள்!" என்று மேலே பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தது. கீழே நோரீனின் பெயர்.

உயிரோடு இருந்த எழுபத்தோரு வருஷத்தில் அவள் எந்த நிகழ்ச்சியும் ஆனதில்லை. ஹம்பர் ஆற்றுமுகத்து மீன் கொட்டகையில் முப்பத்திரண்டு வருஷம் நின்றபடியே ஹாடக் மீன் கீறினாள். அவள் புருஷன் எர்னியும் நானும் அதே துறைமுகத்தில் கப்பலிலிருந்து மீன் பெட்டி இறக்கினவர்கள். என் பேர் சிட். எனக்கு முதுகு போச்சு, எர்னிக்கு முட்டி போச்சு. மற்றபடி எங்களுக்குள் வித்தியாசம் ஒன்றுமில்லை. அவனுக்கு ஒரு மகன் உண்டு, எனக்கு இல்லை.

மகன் பேர் ராய்ஸ்டன். குளிர்பதனக் கிடங்கில் திருடப் போனான். காவலுக்கு இருந்த ஹெக்டரைப் பிடித்துத் தள்ளினான். ஹெக்டர் எங்களோடு பெட்டி இறக்கினவர். இடுப்பு முறிந்தது, பிறகு அவர் நடக்கவில்லை. ராய்ஸ்டனுக்கு ஒன்பது வருஷம் போட்டார்கள். தீர்ப்பு வாசித்துக்கொண்டிருக்கும்போதே எர்னி எழுந்து வெளியே போனான். அதோடு நாலு வருஷம் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. நோரீன் மட்டும் மாசாமாசம் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தபின் அடுப்படியில் நின்று சத்தமாகப் பாத்திரம் கழுவுவாள். எர்னி எதுவும் கேட்க மாட்டான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசினபோது நான் கூட இருந்தேன்.

"என் சாவுக்கு அவனை அனுப்ப மாட்டாங்க, எர்னி. ஆனா முன்வரிசையில உன் பக்கத்துல அவன் இடம் காலியா இருக்கணும். வேற யாரையும் உக்கார வைக்காத. நான் அவன்கிட்ட போன்ல சொல்லிட்டேன், அப்பா உனக்கு இடம் போட்டு வைப்பாருன்னு."

"என்னைக் கேக்காமலே சொல்லிட்டியா?"

"கேட்டா நீ முடியாதும்பே."

எர்னி ஜன்னலைப் பார்த்தான். பிறகு "சரி" என்றான். மகன் விஷயத்தில் நாலு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே சரி அதுதான்.

நோரீன் சொன்னதுபோலவே ஆனது. காவலோடு அனுப்ப ஆள் இல்லை என்று சிறையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் சிறைப் பாதிரியார் நல்ல மனுஷர். தகன மண்டபத்திலிருந்து நேரலை இருந்தால், ராய்ஸ்டன் பாதிரியாரின் அறையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். அந்த நேரத்தில் மட்டும், ஒரே ஒரு தடவை.

அப்படித்தான் நாங்கள் நகரசபையின் நேரடி நிகழ்ச்சிப் படப்பிடிப்புத் துறைக்குள் காலை வைத்தோம்.

இந்தத் துறை பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் விளக்குத் திருவிழா நடத்துகிறோம், உலகமே பார்க்கப்போகிறது என்று சொல்லி நகரசபை லண்டனிலிருந்து மானியம் வாங்கியது. ஏழு கேமரா வந்தது. திருவிழா அன்று அடித்த காற்றில் விளக்கெல்லாம் கடல் தாண்டி ஹாலந்துப் பக்கம் போய்விட்டது. கேமரா மிஞ்சியது. மிஞ்சிய கேமராவுக்கு ஒரு வேன் வாங்கினார்கள். வேனுக்குள் உட்கார ஓர் இயக்குநர், இயக்குநரை மேய்க்க ஒரு தலைவி, தலைவிக்கு ஓர் அலுவலகம். அதன்பிறகு எங்கள் ஊரில் நடப்பதையெல்லாம் குறைந்தது நாலு கேமரா வைத்துத்தான் எடுக்கிறார்கள். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம், குப்பைத்தொட்டி நிறம் பற்றிய விவாதம், தகனம், எல்லாவற்றுக்கும் ஒரே படிவம்.

அந்தப் படிவத்தை எர்னி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து நான்தான் நிரப்பினேன். அவன் கண்ணாடியைத் தொலைத்திருந்தான்.

"எதிர்பார்க்கப்படும் கூட்டம்?"

"பத்து, பதினொண்ணு."

"வாணவேடிக்கை உண்டா?"

"என்னடா கேக்கறே?"

"நான் கேக்கலடா, படிவம் கேக்குது. இடைவேளை உண்டா?"

"இல்லைன்னு எழுது."

"முக்கிய விருந்தினர் நடந்து வருவாரா, வாகனத்துலயா?"

எர்னி யோசித்தான். "தூக்கிட்டு வருவாங்கன்னு எழுது."

பதினாலாவது கட்டத்தில் 'சிறப்புத் தேவைகள்' என்று இருந்தது. அதைத் தானே எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். பெட்டி இறக்கின கை, எழுத்து ஒவ்வொன்றும் குண்டு குண்டாக வந்தது. 'முன்வரிசையில் என் இடப்பக்கம் என் பையன் இடம். காலியாக இருக்க வேண்டும். அவன் பார்ப்பான்.' இவ்வளவுதான். எழுதி முடிப்பதற்குள் இரண்டு கோப்பைத் தேநீர் ஆறிப்போயிற்று.

துறைத்தலைவி பிரையனி தெற்கத்திக்காரி. முப்பத்தைந்து வயசிருக்கும், எந்நேரமும் ஒரு பட்டியல் அட்டையை நெஞ்சோடு அணைத்திருப்பாள். எர்னியைப் பார்த்ததும், "எர்னஸ்ட்!" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவனை எர்னஸ்ட் என்று அதற்கு முன்னால் கூப்பிட்டவர் நீதிமன்ற குமாஸ்தா ஒருத்தர்தான்.

"உங்க துக்கம் இப்ப எங்க துக்கம், எர்னஸ்ட். நாலு கோணத்துல."

"ஒரு கேமரா போதும்மா," என்றான் எர்னி. "மூலையில நிறுத்திட்டுப் போயிடுங்க. எல்லாம் தெரிஞ்சா சரி."

பிரையனி பாவமாகச் சிரித்தாள். "ஒரு கேமரா வெச்சு எடுத்தா அது திருடனைப் பிடிக்க வெச்சதுங்க. நாலு வெச்சாத்தான் அனுபவம். ஒண்ணு மொத்த மண்டபம். ரெண்டு குடும்பத்தார் முகம். மூணு, சவப்பெட்டி. நாலு மெழுகுவத்தி, பூ, ஜன்னல்ல மழை அந்த மாதிரி. எந்தக் கேமரா மேல சிவப்பு விளக்கு எரியுதோ அது பாக்கறதுதான் வெளிய போகும். விளக்கு எரியறப்போ மட்டும் கேமராவைப் பாக்காம இருங்க, போதும்."

"அந்த இடம்..." என்று எர்னி ஆரம்பித்தான்.

"பதினாலாவது கட்டம்! படிச்சேன். ஆபீஸ்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். ஒருத்தர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்து வெளியவே போயிட்டாரு."

எர்னி நிம்மதியாக மூச்சு விட்டான். நானும்தான்.

முந்தின நாள் ஒத்திகை வைத்தார்கள். தூக்குகிறவர்கள் ஆறு பேரும் வெறும் பெட்டியைத் தோளில் வைத்து நாலு தடவை நடந்தார்கள். முதல் தடவை வேகம் அதிகம் என்று வேனிலிருந்து இயக்குநர் ஒலிபெருக்கியில் சொன்னார். இரண்டாம் தடவை சோகம் கம்மி. மூன்றாம் தடவை எல்லாம் சரி, ஆனால் பெட்டி கேமராவுக்கு முதுகு காட்டியது. பெட்டிக்கு எது முதுகு என்று தூக்கினவன் ஒருத்தன் கேட்டான். அவனை மாற்றிவிட்டார்கள். அழுகை வருகிறவர்கள் இடப்பக்கம் உட்கார வேண்டும், வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறதாம். வலப்பக்கம் அழுதால் மூக்கு நிழல் விழும்.

"நீங்க எப்ப அழுவீங்க?" என்று பிரையனி எர்னியிடம் கேட்டாள். "தோராயமா சொன்னாப் போதும்."

"நான் அழற ஆளில்லம்மா."

அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

மறுநாள் ஆற்றுப் பக்கமிருந்து சாரல் அடித்தது. எர்னி கறுப்புக் கோட்டு போட்டு, ஷூவை முகம் தெரிகிற மாதிரி தேய்த்திருந்தான். முன்வரிசையில் உட்கார்ந்தான். இடப்பக்க நாற்காலியில், அன்று பாடப்போகிற துதிப்பாட்டுத் தாளை வைத்தான். அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்தான். அப்படியே இருந்தான். நான் இரண்டாம் வரிசையில், அவனுக்கு நேர் பின்னால். மொத்தம் பதினோரு பேர். மண்டபம் நூற்றிருபது பேருக்குக் கட்டினது.

பெட்டி வரப் பத்து நிமிஷம் இருக்கும்போது கறுப்புக் கோட்டும் கறுப்பு டையும் போட்டு முப்பது பேர் வரிசையாக உள்ளே வந்தார்கள். மீன் கொட்டகை ஆட்கள் என்று முதலில் நினைத்தேன். ஒரு முகமும் தெரியவில்லை. சத்தமில்லாமல் காலி வரிசைகளில் போய் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் கோட்டிலும் சின்ன அட்டை குத்தியிருந்தது: துணை இரங்குநர், நகரசபை.

பிரையனி எர்னி முன்னால் குனிந்தாள். அவள் பின்னால் நாற்பது வயசு ஆள் ஒருத்தன், அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நின்றான்.

"எர்னஸ்ட், இவர் ட்ரெவர். கொஞ்சம் கையை எடுத்துக்கறீங்களா?"

எர்னி நிமிர்ந்து பார்த்தான்.

"இடம் காலியா இருந்தா திரையில ஓட்டை மாதிரி தெரியும். ரெண்டாம் கேமராவுக்கு உங்க பக்கத்துல ஒரு முகம் வேணும். பெட்டி வரப் போகுது. சீக்கிரம், கையை எடுங்க." பட்டியல் அட்டையைப் பேனாவால் தட்டினாள்.

இந்த இடத்தில் துறைமுகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் காலத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு மேஸ்திரி பட்டியலோடு வந்து நிற்பான். பேனாவால் காட்டுவான். காட்டினவன் போவான், காட்டாதவன் வீட்டுக்குத் திரும்புவான். ஏன் என்று கேட்டவனுக்கு ஒரு வாரம் வேலை கிடையாது. நாற்பத்தோரு வருஷம் அப்படி நின்ற உடம்பு எங்களுடையது. கையில் பட்டியல் வைத்திருக்கிறவர் சொன்னால், என்ன சொன்னார் என்று காதில் விழுவதற்குள் உடம்பு செய்துவிடும்.

எர்னி கையை எடுத்தான்.

தாளையும் அவனே எடுத்து ட்ரெவரிடம் நீட்டினான். ட்ரெவர் உட்கார்ந்தான். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. இது அவன் பையன் இடம்மா, எழுந்து போகச் சொல்லு. நாலு வார்த்தை. நானும் அதே பட்டியலின் முன்னால் நின்று வளர்ந்தவன்தான். சொல்லவில்லை.

"அப்பான்னு கூப்பிடட்டுமா, ஐயா போதுமா?" என்று ட்ரெவர் மெதுவாகக் கேட்டான்.

எர்னி வாசல் கதவைப் பார்த்தான்.

"ஐயாவே இருக்கட்டும்," என்றான் ட்ரெவர். "தப்பா நினைக்காதீங்க. இந்த வாரம் இது எனக்கு அஞ்சாவது."

பெட்டி வந்தது. இந்த முறை வேகமும் சோகமும் சரியாக இருந்திருக்க வேண்டும், ஒலிபெருக்கி சும்மா இருந்தது. போதகர் பேசினார். நோரீனைப் பற்றிச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிஷம் கொடுத்திருந்தார்கள், ஒன்றரையில் முடித்தார். துணை இரங்குநர்கள் பாட்டை நன்றாகப் பாடினார்கள். அத்தனை நல்ல குரல் எங்கள் பதினோரு பேரில் ஒருத்தருக்கும் இல்லை. இரண்டாம் கேமராவில் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் ட்ரெவர் எர்னியின் தோளில் கை வைத்தான். அணைந்ததும் எடுத்துக்கொண்டான். எர்னி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. தோளில் காக்கை உட்கார்ந்தவன் மாதிரி அசையாமல் இருந்தான்.

கடைசியில் பெட்டிக்கு முன்னால் திரை மூட ஆரம்பித்தது. அந்த நேரம் ட்ரெவருக்கு அழுகை வந்தது. தொழில் அழுகை இல்லை. மூக்கெல்லாம் ஒழுக, அசிங்கமாக அழுதான். "எங்கம்மா மார்ச்ல போனாங்க, ஐயா," என்றான் தேம்பலுக்கு நடுவில். "அன்னிக்கும் எனக்கு ட்யூட்டி."

நான் மூன்றாம் கேமராவைப் பார்த்தேன். அது பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. விளக்கு எரியவில்லை. இரண்டாம் கேமராவில் எரிந்தது. திரை முழுக்க மூடி, பெட்டி போய்ச் சேர்ந்து, ட்ரெவர் மூக்கைச் சிந்தி முடிக்கிற வரைக்கும் அது அணையவேயில்லை.

நாலு நாள் கழித்து நகரசபையிலிருந்து கருத்துக் கேட்கும் படிவம் வந்தது. துணை இரங்குநரின் அழுகைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று முதல் கேள்வி. கூடவே ஒரு புகைப்படம்: எர்னி, அவன் தோளில் சாய்ந்து அழுகிற ட்ரெவர். துறையின் புதிய விளம்பரத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். அடியில் 'தந்தையும் மகனும், ஓர் ஆறுதல் தருணம்' என்று போட்டிருந்தது.

எர்னி அதை மடித்துப் பையில் வைத்தான். "வாடா," என்றான்.

துறை அலுவலகத்தில் பிரையனி வாசல் வரைக்கும் வந்து எங்களை உள்ளே கூட்டிப் போனாள். கேக் வெட்டி வைத்திருந்தது. இயக்குநருக்கு ஏதோ மாவட்டப் பரிசுக்கு அழைப்பு வந்திருந்ததாம்.

"இது என் மகன் இல்லம்மா," என்று எர்னி படத்தை மேசையில் வைத்தான்.

"தெரியும் எர்னஸ்ட். ஆனா பாக்கறவங்களுக்குத் தெரியாதே."

"பாத்தவனே அவன்தாம்மா. அவன் ஒருத்தன் பாக்கறதுக்குத்தான் இதெல்லாம் வெச்சதே. பதினாலாவது கட்டத்துல எழுதியிருந்தேன்."

"அதைப் படிச்சதாலதாங்க ட்ரெவரையே போட்டோம்!" பிரையனியின் கண் உண்மையாகவே கலங்கியது. "ஒரு அப்பா, பக்கத்துல பையன் இல்லை. அதை அப்படியே காட்டறதுக்கு எங்களுக்கு மனசு வரலை. உங்க பையன் வயசு, அதே உயரம், போலீஸ் வெளியிட்ட படத்தைப் பாத்து முடிகூட ஒத்துப்போற மாதிரி ஆள் தேடினோம். சில குடும்பங்களுக்கு அறுபது வயசுப் பொம்பளையை அனுப்பிட்டு முடிச்சிடுவோம். உங்களுக்கு அவ்வளவு மெனக்கெட்டிருக்கோம். வெறும் நாற்காலியை யாரும் பாக்க விரும்ப மாட்டாங்க எர்னஸ்ட். இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேட்டதில்லை."

"நான் கேட்டேனே."

பிரையனி அவனுக்கு ஒரு துண்டு கேக் வைத்தாள்.

எர்னி அதைத் தொடாமல், "சரி. மூணாம் கேமரா பெட்டியை எடுத்ததில்ல?" என்றான். "அவங்கம்மா போனதை அவன் பாக்கலை. அதையாவது குடுங்க. நான் அனுப்பறேன்."

"அது பாத்துது. ஆனா விளக்கு எரியலையே."

"எரியலைன்னா?"

"விளக்கு எரியாதப்போ கேமரா பாத்ததை நாங்க வெச்சிருக்கறதில்லை. துறை விதி. நிகழ்ச்சியில இல்லாதது நடக்கலைன்னு அர்த்தம்." பிறகு அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். "ஆனா அந்த அழுகை, எர்னஸ்ட்... பத்தொம்பது செகண்டு. எங்க துறையில யாருக்கும் அவ்வளவு நீளமா கிடைச்சதில்லை."

வெளியே வந்ததும் எர்னி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். முட்டி வலி என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அவனைப் போய்ப் பாக்கணும் சிட்," என்றான். "நேர்ல சொன்னாத்தான் ஆகும். அவன் இடம்தான் அது, நான் வெச்சிருந்தேன்னு சொல்லணும்."

ராய்ஸ்டன் எங்களைப் பார்க்கச் சம்மதித்தான். பாதிரியார்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். நோரீன் போன அதே இரண்டு பஸ்ஸில் போனோம். எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று எர்னிக்குத் தெரியவில்லை, ஓட்டுநரிடம் இரண்டு தடவை கேட்டான். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே வந்தது. சொல்லிப் பார்க்கிறான் என்று விட்டுவிட்டேன்.

பெரிய கூடம். தாழ்வான மேசைகள், தரையோடு முடுக்கின நாற்காலிகள். ராய்ஸ்டன் வந்தான். முன்னந்தலை வழுக்கை விழுந்திருந்தது. அப்பனைப் பார்த்து, என்னைப் பார்த்து, எதிரில் உட்கார்ந்தான்.

"முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு."

"மாத்திரை போடறியா?"

"உங்கம்மாதான் எடுத்துக் குடுப்பா. இப்ப மறந்துடுது."

பக்கத்து மேசையில் ஒரு குழந்தை சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்க முடியாமல் கத்தியது.

"அந்த ஆளு," என்று எர்னி ஆரம்பித்தான். "பக்கத்துல உக்காந்திருந்தவன். அவன் நகரசபை ஆளு. எனக்கு யாருன்னே தெரியாது."

"தெரியும்ப்பா. பாதிரியார் விசாரிச்சுச் சொன்னாரு. எல்லா எழவுக்கும் அனுப்பறாங்களாமே." ராய்ஸ்டன் லேசாகச் சிரித்தான். "நல்லா அழுதான் பாவம். என்னைவிட நல்லா அழுதான்."

"பெட்டி போனதை நீ பாக்கலை..."

"பாக்கலை. அவன் மூக்கைப் பாத்துட்டிருந்தேன்."

"அது உன் இடம்டா. நான் உனக்குத்தான் வெச்சிருந்தேன். தாள்கூட வெச்சேன்."

ராய்ஸ்டன் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "வெச்சிருந்தே. நான் பாத்தேன். ஆளுங்க உக்கார்றதுலேருந்தே காட்டினாங்கல்ல, ஆரம்பத்துலயே உன்னைத்தான் காட்டினாங்க. நாற்காலி மேல உன் கை இருந்தது. அம்மா சொன்ன மாதிரியே. பாதிரியாருகிட்ட காட்டினேன், பாருங்க அது என் இடம்னு. சொல்லி வாய் மூடலை. அந்தப் பொம்பளை வந்தா. என்னமோ கேட்டா, சத்தம் வரலை. நீ கையை எடுத்துட்டே."

எர்னி வாயைத் திறந்தான். பஸ்ஸில் சொல்லிப் பார்த்தது ஒன்றும் வரவில்லை.

"தள்ளலை, மிரட்டலை. ஒரு தடவைதான் கேட்டா," என்றான் ராய்ஸ்டன். "நீ அவகிட்ட ஒண்ணுமே பேசலைப்பா. வாயே அசையலை. கிட்டக்க காட்டினாங்க. நல்லாத் தெரிஞ்சுது."

நான் குறுக்கே புகுந்தேன். விடியற்காலை மூன்று மணியைப் பற்றி, மேஸ்திரியின் பேனாவைப் பற்றி, அவன் பிறப்பதற்கு முன்னாலிருந்து நாங்கள் நின்ற வரிசையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். எர்னி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.

"ஆமாடா," என்றான் மகனிடம். "எடுத்துட்டேன்."

ராய்ஸ்டன் தலையை ஆட்டினான், கேட்க வந்தது கிடைத்துவிட்டது போல. எழுந்து, சுவரோரம் நின்ற காவலரைப் பார்த்து, முடிந்தது என்று கையைத் தூக்கினான். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.